கட்டடம் கேட்கவில்லை, கற்ற கைகளைக் கேட்கின்றோம்!

மார்கழி மாதத்து இரவொன்றை எண்ணிப் பாருங்கள். நெடுந்தீவிலே வாடைக்காற்று பனைகளை உலுக்கிக்கொண்டிருக்கின்றது. கடற்றொழிலாளி ஒருவனின் மூன்று வயதுக் குழந்தைக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். அன்று மாலை காய்ச்சல் விட்டதென்று தாய் மனம் ஆறியிருந்தாள். நடுச்சாமத்தில் தொட்டுப் பார்க்கிறாள். கையுங் காலும் சில்லிட்டிருக்கின்றன. டெங்குக் காய்ச்சலில் சூடு தணியும் வேளையே பொல்லாத வேளை என்பதை அவளுக்குச் சொன்னவர் எவருமில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுகிறாள். யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள். தகப்பன் துறையில் நின்று கடலைப் பார்க்கிறான். குறிகட்டுவானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். அதன்பின் புங்குடுதீவு, வேலணை, பண்ணைத் தாம்போதி எனச் சுமார் முப்பது கிலோமீற்றர் தரை.

இவ்விரவு நாம் கற்பித்துச் சொன்ன இரவுதான். ஆயினும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் இதனை நம்பாத தாய் ஒருத்தி உண்டோ?

கடல் ஏன் இருக்கின்றது என்று நாம் கேட்க வரவில்லை. கடல் நம் முன்னோர்க்குச் சோறு போட்டது, நமக்கும் போடுகின்றது. நாம் கேட்பது ஒன்றே. அந்த இரண்டு மணி நேரமும் அக்குழந்தையின் பக்கத்தில் இருப்பவர் யார்? உயிருக்குப் போராடும் குழந்தையைக் காப்பதற்கு அவர் கற்றது யாது? அவருக்குக் கற்பித்தவர் யார்? இக்கேள்விக்கு விடை கூறும் கடமை அரசாங்கத்துக்கு உண்டு. அவ்விடையைக் கேட்டு வாங்கும் கடமை நமக்கு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர் குறிகட்டுவான் துறையில் நாம் நேரிற் கண்ட காட்சி ஒன்றைச் சொல்லுகின்றோம். படகிலிருந்து ஒரு குழந்தையை இறக்கினார்கள். கூட வந்த உறவினர் ஒருவர் சேலைன் போத்தலைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருந்தார். அது எத்தனை துளி வீதம் இறங்கவேண்டும், எவ்வளவு இறங்கிவிட்டது என்று நாம் கேட்டபோது அங்கிருந்தவர் எவராலும் சொல்ல முடியவில்லை. அக்குழந்தை பிழைத்துக்கொண்டது. “அம்மாளாச்சி காப்பாற்றினாள்” என்றார் பாட்டி. நாமும் கைகூப்பினோம். ஆனால் அம்மாளாச்சியின் அருளை நம்பி வைத்திய சேவையை நடத்துவதற்கு ஓர் அரசாங்கம் எதற்கு?

நாற்றும் பயிரும்

குழந்தை என்பது அளவிற் சிறிய வளர்ந்தவர் என்று எண்ணுவோர் பலர். நம் கமக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நட்ட அன்றே புகையிலைக் கன்றுக்கு, முற்றிய செடிக்கு இறைப்பதுபோல் இறைப்பவன் உண்டோ? பத்துக் கிலோ நிறையுள்ள குழந்தையின் உடலிலே ஓடும் இரத்தம் முழுவதும் ஏறக்குறைய 800 மில்லிலீற்றர். ஒரு போத்தலுக்குச் சற்று மேல். அதிலே ஒரு கோப்பை குறைந்தாலும் ஆபத்து. நீராகக் கூடினாலும் ஆபத்து. மூச்சுக்குழாய் மிக ஒடுங்கியது. சிறு வீக்கமும் அதனை அடைத்துவிடும். ஒவ்வொரு மருந்தும் நிறைக்கேற்ப அளக்கப்படவேண்டும். யாவற்றினும் முக்கியமானது வேறொன்று. வளர்ந்தவரின் உடல் தளரும்போது முன்னரே அடையாளங் காட்டும். குழந்தையின் உடலோ இரத்த அழுத்தத்தைக் கடைசிவரை விடாது பிடித்து நிற்கும். பின்னர் ஒரேயடியாக வீழ்ந்துவிடும். வீழுமுன் காட்டும் குறிகள் மெல்லியவை. அவற்றைக் கண்டுகொள்வதற்குக் கண் பழகியிருக்க வேண்டும்.

இப்பழக்கத்தையே குழந்தைகளுக்கான அதிதீவிர சிகிச்சைப் பயிற்சி என்கின்றனர். அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டு முதல் இது தனித்துறையாகச் சான்றளிக்கப்படுகின்றது. குழந்தை வைத்தியத்தில் மூன்றாண்டு பயின்றவர் அதன்மேல் இன்னும் மூன்றாண்டு பயின்ற பின்னரே அத்துறையின் நிபுணர் ஆகின்றார். வீண் ஆடம்பரத்துக்காகவா அந்த மூன்றாண்டு?

கருவி ஒன்று, முடிவு இரண்டு

நம் நாட்டில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கின்றது. வைத்தியசாலைக்கு இயந்திரம் வந்தால் நாடா வெட்டப்படும், அமைச்சர் வருவார், பத்திரிகையிலே படம் வரும். அவ்வியந்திரத்தை இயக்கத் தெரிந்தவர் வந்தாரா என்று கேட்பாரில்லை. கருவி வந்தால் உயிர் பிழைக்கும் என்ற இந்நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதற்கு உலகத்திலிருந்தே சான்று காட்டுவோம்.

வங்காளதேசத்தின் தலைநகரான டாக்காவில், கடுமையான சளிச்சுரமுற்ற குழந்தைகளுக்கு நீர்க்குமிழி வழியாக அழுத்தங் கொடுத்துச் சுவாசத்துக்கு உதவும் எளிய கருவி ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்தனர். பெருஞ்செலவு பிடிக்கும் இயந்திரமன்று அது. குழாயும் நீர் நிறைந்த போத்தலுமே அதன் உறுப்புகள். 2015ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, சாதாரண ஒட்சிசன் பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 15 பேர் இறந்தனர்; இக்கருவியின் உதவி பெற்றோரில் நூற்றுக்கு 4 பேரே இறந்தனர். உலகம் வியந்தது. பின்னர் ஆபிரிக்காவின் மலாவி நாட்டிலே, நிபுணரும் அதிதீவிரப் பிரிவும் இல்லாத ஒரு மாவட்ட வைத்தியசாலையில் இதே முறை சோதிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு முடிவு வந்தது. சாதாரண ஒட்சிசன் பெற்றோரில் நூற்றுக்கு 11 பேர் இறக்க, இக்கருவியின் உதவி பெற்றோரில் நூற்றுக்கு 17 பேர் இறந்தனர். இரு நாட்டுக் குழந்தைகளின் நிலையும் ஒன்றல்ல என்பதை நாம் மறைக்கவில்லை; மலாவியிற் சேர்க்கப்பட்ட குழந்தைகளிற் பலர் ஊட்டமின்றியும் வேறு நோய்களாலும் நலிந்தவர்கள். அவ்வேற்றுமையைக் கழித்துப் பார்த்தாலும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. டாக்காவிலே அக்கருவியின் அருகில் தேர்ந்த வைத்தியர் இருந்தார், மலாவியில் இல்லை.

இன்னுமொன்று. 2011ஆம் ஆண்டு கென்யா, உகண்டா, தான்சானியா நாடுகளில் கடுங்காய்ச்சலுற்று இரத்தவோட்டம் தளர்ந்த 3,141 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு வெளியாயிற்று. விரைந்து சேலைன் பாய்ச்சுவதே உயிர்காக்கும் என்று பெருநாடுகளின் நூல்கள் கூறிவந்தன. ஆய்விலோ அவ்வாறு பாய்ச்சப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டோர் இரண்டு நாளுக்குள் இறந்தனர். பாய்ச்சப்படாதோரில் ஏழு பேர் அளவிலேயே இறந்தனர். குறிகட்டுவானில் உயர்த்திப் பிடிக்கப்பட்ட அந்தப் போத்தலை இப்போது மீண்டும் நினைத்துப் பாருங்கள். மருந்தாவதும் நஞ்சாவதும் அளந்து விடுகின்ற கையைப் பொறுத்தது. 2023ஆம் ஆண்டு இறுதியில் யாழ்ப்பாண மாவட்டம் டெங்கினால் அல்லலுற்றதை மறந்தோர் எவருமில்லை. டெங்கிலே நீர் குறைந்தாலும் சாவு, கூடினாலும் சாவு. ஒன்றிரண்டு நாள் நீடிக்கும் அந்தக் கண்டத்தைக் கடத்திவிடுவது மணிக்கு மணி அளந்து பார்க்கும் மனிதரன்றி இயந்திரமன்று.

கையினாற் பிழைத்த நகரம்

இத்துறை பிறந்த வரலாறும் இதனையே உரைக்கின்றது. 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனை இளம்பிள்ளை வாதம் சூறையாடிற்று. மூச்சுத்தசை செயலிழந்தோர் பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேர் மாண்டனர். நகரிலே சுவாச இயந்திரங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியனவே. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர், செத்துக்கொண்டிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையிலே துளையிட்டுக் குழாய் செலுத்தி, ஒரு பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாக மாதக்கணக்கில் நோயாளரின் பக்கத்தில் இருந்து பைகளை அமுக்கினர். சாவு நான்கில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிற்று. அங்கே உயிர்களைக் காத்தவை பயிற்றப்பட்ட மாணவரின் கைகள். 1955ஆம் ஆண்டு சுவீடனின் கோதன்பர்க் நகரில் குழந்தைகளுக்கென்றே இத்தகைய பிரிவு தோன்றியது. எழுபது ஆண்டு கழிந்துவிட்டது. தீவகத்துத் தாய் இன்னமும் துறையிலேதான் நிற்கின்றாள்.

பயிற்சி எங்கே, பயன் அங்கே

நம் நாட்டில் வைத்திய நிபுணரைப் பயிற்றிச் சான்றளிக்கும் அதிகாரம், 1980ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கொழும்புப் பல்கலைக்கழகப் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்திடமே குவிந்திருக்கின்றது. பாடத்திட்டம் கொழும்பில், பரீட்சை கொழும்பில், சான்று கொழும்பில். யாழ்ப்பாணத்திலே 1978ஆம் ஆண்டு முதல் மருத்துவ பீடம் உண்டு. பெரியதொரு போதனா வைத்தியசாலை உண்டு. திறமைமிக்க ஆசிரியர்கள் உண்டு. இருந்தும் நம் பிள்ளை நிபுணனாக வேண்டுமெனில் தெற்கே போகவேண்டும். பின்னர் கடல்கடந்து வெளிநாட்டிலும் பயிலவேண்டும். இளமையின் நல்ல பகுதி அங்கே கழிகின்றது. அங்கேயே மணம், அங்கேயே வீடு, அங்கேயே பிள்ளைகளின் பள்ளிக்கூடம். பிறகு திரும்பி வா என்றால் எத்தனை பேர் வருவர்? 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் நாட்டைவிட்டே சென்ற வைத்தியர் பலர் என்பது யாவரும் அறிந்தது. சென்றவரை வைதுகொண்டிருப்பதனாற் பயனில்லை. நாற்றைக் கொழும்பிலே மேடையிட்டு வளர்த்துவிட்டு, நெல் மட்டும் வேலணையிலே விளையவேண்டும் என்று காத்திருந்தால் அது யாருடைய பிழை?

“யாழ்ப்பாணத்திலே இதெல்லாம் நடக்கின்ற காரியமா?” என்பாருக்கு வரலாற்றிலிருந்தே விடை உண்டு. கொழும்பு மருத்துவக் கல்லூரி பிறந்தது 1870ஆம் ஆண்டு. அதற்கு இருபது ஆண்டுக்கு மேலாக முன்னரே, 1847ஆம் ஆண்டு வந்திறங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், யாழ்ப்பாணத்திலே நம் பிள்ளைகளுக்கு மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கத் தொடங்கிவிட்டார். மானிப்பாய் அவருடைய கல்விச்சாலையாயிற்று. பின்னர் தமிழிலேயே கற்பித்தார். 1867ஆம் ஆண்டு வந்த ‘இரண வைத்தியம்’ உட்படப் பல நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அவரிடம் பயின்றோர் அறுபதுக்கும் மேல். ஊரிலே பயின்றவர் ஊரிலே நிற்பார் என்பதும், ஊர் மொழியிலே பயின்றவர் ஊராரிடம் விளங்கச் சொல்வார் என்பதும் அம்மனிதரின் எண்ணம். கப்பலேறி வந்த ஓர் அந்நியருக்குப் புரிந்த உண்மை நம்மை ஆள்வோருக்கு ஏன் புரியவில்லை?

தீவுக்கொரு அதிதீவிரப் பிரிவா?

நம் கோரிக்கையைத் திரித்துக் கூறுவோர் இருப்பர். “சில ஆயிரம் சனங்கள் வாழும் தீவுக்கெல்லாம் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு கட்ட முடியுமா?” என்று கேட்பர். முடியாது. கட்டவும் வேண்டாம். நாமே சொல்லுகின்றோம்.

1990களில் இங்கிலாந்தின் திரெந்துப் பகுதியையும் அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்தையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. இங்கிலாந்தில் கடும் நோயுற்ற குழந்தைகள் பல சிறிய வைத்தியசாலைகளில் சிதறிக் கிடந்தனர். விக்ரோறியாவிலோ அவர்கள் மெல்பேணிலுள்ள ஒரு பெருநிலையத்துக்கே கொண்டுவரப்பட்டனர். நோயின் கடுமையைக் கணக்கிட்டு நோக்கியபோது இங்கிலாந்துப் பகுதியிலேதான் சாவு அதிகம். 1997ஆம் ஆண்டு இம்முடிவு வெளியானது. இங்கிலாந்தும் தன் வழியை மாற்றிக்கொண்டது. பெருநிலையங்களிலிருந்து தேர்ந்த குழுக்கள் புறப்பட்டுக் குழந்தை கிடக்கும் இடத்துக்கே சென்று, அங்கேயே சிகிச்சையைத் தொடங்கி, பின்னர் அழைத்துவரும் முறை வளர்ந்தது. அத்தகைய குழு கொண்டுவந்த குழந்தைகளே கூடுதலாகப் பிழைக்கின்றனர் என்று 2010ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு காட்டிற்று.

ஆகவே ஒரு நடுநிலையம், அதிலிருந்து புறப்படும் ஒரு குழு, எல்லையிலே குறியறிந்து முதலுதவி செய்யும் ஒருவர் ஆகிய இம்மூன்றும் சங்கிலியின் கண்ணிகள். 2018ஆம் ஆண்டு வடக்குக்கு வந்த 1990 நோயாளர் காவு வண்டிச் சேவையை நாம் நன்றியோடு வரவேற்கின்றோம். ஆனால் அவ்வண்டி குறிகட்டுவானிலே நின்றுவிடும். அதற்கப்பால் கடற்படைப் படகோ, கிடைத்த வள்ளமோதான். ஆனி மாதத்தில் நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கானோரை ஏற்றியிறக்க இதே கடலில் ஒழுங்கு செய்யமுடிகின்றது. ஒரு குழந்தையை ஒழுங்காக ஏற்றிவர முடியாதா?

சட்டம் கூறுவது என்ன?

நாம் சட்டம் பயின்றவர்கள். ஆகையால் சட்டத்தை வைத்தும் பேசுவோம். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை யாவரும் சட்டத்தின்முன் சமம் என்கின்றது. அதன் நான்காம் பிரிவு குழந்தைகளுக்கென விசேட ஏற்பாடுகள் செய்ய வெளிப்படையாகவே இடமளிக்கின்றது. 27ஆம் உறுப்புரை சிறுவர் நலனை விசேட அக்கறையோடு பேணுமாறு அரசைப் பணிக்கின்றது. ஆனால் 29ஆம் உறுப்புரை, அந்த 27ஆம் உறுப்புரையைக் காட்டி நீதிமன்றம் ஏறாதே என்று கதவை அடைக்கின்றது! ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிக்கும் இவ்வித்தையை என்னென்பது? 1991ஆம் ஆண்டு இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 24ஆம் உறுப்புரையோ, அடையத்தக்க மிக உயர்ந்த சுகநலம் ஒவ்வொரு குழந்தைக்கும் உரியது என்கின்றது. நெடுந்தீவுக் குழந்தை நீங்கலாக என்று அதில் எழுதப்படவில்லை.

அண்டை நாட்டைப் பாருங்கள். வங்கத்திலே புகைவண்டியிலிருந்து வீழ்ந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளி, இடமில்லை, வசதியில்லை என்று வைத்தியசாலை வைத்தியசாலையாகத் திருப்பியனுப்பப்பட்டார். 1996ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வழக்கிலே தீர்ப்புக் கூறியது. அவசர சிகிச்சை அளிக்கத் தவறுவது உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும். பணமில்லை என்று அரசு தப்பிக்கொள்ள முடியாது. அத்தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டாது. ஆயினும் நம் மனச்சாட்சியைக் கட்டவேண்டும்.

இங்கே இன்னுமொரு சிக்கல் உண்டு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தீவக வைத்தியசாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. போதனா வைத்தியசாலை மத்தியின் பொறுப்பு. நிபுணர் பயிற்சியும் மத்தியின் பொறுப்பு. வட மாகாண சபையின் பதவிக்காலமோ 2018ஆம் ஆண்டு ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் ஆளுநரின் ஆட்சிதான். எனவே குழந்தை புறப்படும் துறை ஒருவர் கையில். போய்ச்சேரும் துறை மற்றொருவர் கையில். நடுவிலுள்ள கடல் எவர் கையிலும் இல்லை. பொறுப்பைப் பங்கிட்டவர்கள் குழந்தையையும் பங்கிடப் போகின்றார்களா?

நம் கோரிக்கைகள்

முதலாவது, கணக்கு வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, ஊர்காவற்றுறை முதல் யாழ்ப்பாணம் வரை ஒவ்வொரு வைத்தியசாலையிலும் கடும் நோயுற்ற குழந்தையைப் பராமரிக்கும் பயிற்சி பெற்றோர் எத்தனை பேர்? ஆண்டுதோறும் கடல்வழி கொண்டுவரப்படும் குழந்தைகள் எத்தனை பேர்? அவர்கள் கதி என்ன? இக்கணக்கு பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும்.

இரண்டாவது, யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையும் மருத்துவ பீடமும் இணைந்து இத்துறையில் வைத்தியரையும் தாதியரையும் பயிற்றும் நிலையமாக வளர்க்கப்படல் வேண்டும். வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பப்படுவோருக்குத் திரும்பிவந்து நிற்பதற்கான பதவியும் வீடும் முன்கூட்டியே உறுதிசெய்யப்படல் வேண்டும்.

மூன்றாவது, இரவுபகல் எந்நேரமும் படகேறிச் சென்று குழந்தையை அழைத்துவரும் பயிற்றப்பட்ட குழு ஒன்றும், அதற்கெனத் தக்க படகு ஒன்றும் வேண்டும்.

நான்காவது, தீவக வைத்தியசாலைகளிலுள்ள வைத்தியர், தாதியர், குடும்பநல உத்தியோகத்தர் யாவருக்கும் ஆண்டுதோறும் தமிழிலே செய்கைப் பயிற்சி அளிக்கப்படல் வேண்டும். ஒருமுறை கற்றுப் பயன்படுத்தாத கைத்திறன் துருப்பிடித்துவிடும்.

ஐந்தாவது, எந்தச் சாமத்திலும் யாழ்ப்பாணத்து நிபுணரோடு தீவு வைத்தியர் நேரிற் கண்டு பேசுவதற்குத் தொலைத்தொடர்பு ஒழுங்கு வேண்டும்.

இவற்றுள் எது பேராசை? எது பிரிவினை? எதற்கு மலையைப் பெயர்க்க வேண்டும்?

நம் பங்கு

அரசாங்கத்தைக் கேட்டுவிட்டு நாம் கைகட்டி நிற்கலாகாது. நம்மைப் பற்றியும் ஒரு சொல். தீவகத்துப் பிள்ளைகள் டொரொன்டோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் உழைத்து அனுப்பும் பணத்திலே கோபுரங்கள் உயர்கின்றன, மண்டபங்கள் எழுகின்றன, அலங்கார வளைவுகள் நிற்கின்றன. வைத்தியசாலைக்கும் கருவிகள் வாங்கிக் கொடுத்தோம், படம் எடுத்துக்கொண்டோம். ஒரு தாதியின் ஓராண்டுப் பயிற்சிக்குப் பணம் கொடுத்தவர் நம்மில் யார்? அதிலே பெயர்ப்பலகை பொறிக்க இடமில்லை என்பதாலா தயங்குகின்றோம்? பிறநாட்டுப் பெரிய வைத்தியசாலைகளிலே உயர்ந்து நிற்கும் நம்மவர் ஆண்டுக்கு இரு கிழமை இங்கு வந்து கற்பித்தாலே எத்தனை கைகள் தேறும்! சட்டத்தரணிகளாகிய நாமும் தப்பவில்லை. எல்லை வேலிக்கு இருபதாண்டு வழக்காடத் தெரிந்த நமக்கு, ஒரு குழந்தையின் உயிருக்கு ஒரு மனு எழுத நேரம் இருக்கவில்லை.

இனி இருக்கும். தகவல் அறியும் சட்டம் 2016ஆம் ஆண்டு முதல் நம் கையில் உண்டு. மேலே கேட்ட கணக்கை ஒவ்வொரு வைத்தியசாலையிடமும் அச்சட்டத்தின்படி எழுத்திலே கேட்போம். ஊருக்கு ஒருவர் முன்வரட்டும். வேலணைக் கமக்காரனும் எழுவைதீவுத் தொழிலாளியும் கையொப்பமிடட்டும். ஆசிரியர் எழுதிக் கொடுக்கட்டும். மனுவை நாம் கொண்டுசெல்கின்றோம். விடை வராவிடின் ஆணைக்குழுவுக்கும் நீதிமன்றத்துக்கும் வழி தெரியும்.

அடுத்த வாடைக்கு முன்னர் இதனைத் தொடங்குவோம். மார்கழி எவருக்காகவும் காத்திராது.